சித்தப்பா போனில் சொதப்பிய பக்கம்: ஃபிரன்ட்எண்ட் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலாக உருப்படியாகச் செய்த வெப் பக்கம், சித்தப்பாவின் நாட்டுப்படகுக்கான பங்குக் கணக்கு. மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் போக, மீதியைப் படகுப் பங்கு, ஆள் பங்கு என்று பிரித்துக் காட்ட வேண்டும். வீட்டில் லேப்டாப்பில் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. வெள்ளைப் பின்னணி, மெல்லிய சாம்பல் எழுத்து, மூலையில் சின்னதாக ஒரு பட்டன்.

பாம்பன் தெற்குவாடியில், உச்சி வெயிலில், அவர் போனில் அதைத் திறந்து காட்டினேன். “எழுத்து எங்கடா இருக்கு?” என்றார். திரை வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, செதில் ஒட்டிய ஈர விரலால் பட்டனை நாலு தடவை அமுக்கினார். ஐந்தாவது தடவைதான் பட்டது. நண்டுக்கு 1200, கணவாய்க்கு 350 போட்டிருந்தார். மொத்தம் 1200350 என்று வந்தது. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள், “பன்னிரண்டு லட்சமா! ஆளுக்கு எவ்வளவு வருதுன்னு சீக்கிரம் பாருப்பா” என்று சிரித்தார்கள்.

இப்போது நான் வீட்டிலிருந்தே ஃபிரன்ட்எண்ட் வேலையை, அதாவது வெப் பக்கத்தில் ஆட்கள் பார்த்துத் தொடும் பகுதியைச் செய்யும் வேலையைப் பார்க்கிறேன். உச்சிப்புளிப் பக்கமிருந்து பிள்ளைகள் நாலைந்து பேர் சாயங்காலம் வந்து கற்றுக்கொள்கிறார்கள். அன்றைக்கு நான் செய்த தவறுகளைத்தான் பெரும்பாலும் அவர்களும் செய்கிறார்கள். அதனால் அந்தப் பக்கத்தை வைத்தே சொல்கிறேன்.

கழித்தல் சரி, கூட்டல் தப்பு

முதலில் அந்தப் பன்னிரண்டு லட்சம். இன்புட் பெட்டியில் எண்ணை அடித்தாலும், அதன் மதிப்பை எடுக்கும்போது, பக்கத்தில் கணக்குப் போடும் மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எழுத்துச் சரமாக, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகத்தான் வரும். அந்த மொழியில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலை: எண்களாக இருந்தால் கூட்டும், சரங்களாக இருந்தால் ஒட்டும். கழித்தல் குறிக்கு ஒட்டுகிற வேலை கிடையாது. அதனால் தானே எண்ணாக மாற்றிக் கழித்துவிடும். நான் வீட்டில் சோதித்தது டீசல் கழிப்பதை மட்டும்தான். அது சரியாக வந்தது. ‘கணக்கு ஓடுது’ என்று நம்பிவிட்டேன்.

நம்பர் என்கிற ஃபங்ஷனால் மாற்றிவிட்டுக் கூட்டினால் இது தீரும். ஆனால் அங்கேயும் ஒரு கொக்கி இருக்கிறது. நம்மவர்கள் ஆயிரத்து இருநூறை 1,200 என்று காற்புள்ளி போட்டு எழுதுவார்கள். சாதாரண எழுத்துப் பெட்டியில் அப்படி எழுதினால் நம்பர் ஃபங்ஷன் ‘இது எண்ணே இல்லை’ என்று சொல்லிவிடும். அதே வேலைக்கான இன்னொரு ஃபங்ஷன் பார்ஸ்இன்ட், அது இன்னும் மோசம். காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிட்டு, 1 என்று கொடுக்கும். ஒரு ரூபாய். சத்தமே இல்லாமல்.

அன்று நான் செய்த பெரிய தவறு இதெல்லாம் தெரியாமல் இருந்தது கூட இல்லை. யாரோ எழுதிவைத்திருந்த திருத்தத்தைத் தேடி எடுத்து ஒட்டினேன், சரியாகிவிட்டது, ஏன் சரியானது என்று கேட்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து ஐஸ் கணக்கில் அதே வினை. இப்போது தேடவும் வேண்டாம், ஏஐ எழுதியே கொடுத்துவிடுகிறது. வாங்கிக்கொள்ளுங்கள், நானும் வாங்குகிறேன். ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டால் என்ன உடையும் என்று சொல்லத் தெரியாத வரை அதை உள்ளே விடக்கூடாது என்று ஒரு வைராக்கியம் வைத்திருக்கிறேன். பிள்ளைகளிடம் அதையேதான் கேட்பேன். முதலில் எரிச்சல்படுவார்கள்.

பட்டன் என்று ஒரு டேக் இருக்கிறது

வருகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ரியாக்ட் (பக்கம் கட்ட உதவும் ஆயத்தத் தொகுப்பு) தெரியும், ஃபார்ம் டேக் (படிவத்தைக் குறிக்கும் ஹெச்டிஎம்எல் குறி) தெரியாது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, வேலை விளம்பரங்களில் அந்தப் பெயர்தான் முதலில் இருக்கிறது. ஆனால் கணக்குப் பாருங்கள். ஜேக்வெரி என்ற இன்னொரு தொகுப்பு 2006இல் வந்தது, ஒரு காலத்தில் அது இல்லாமல் பக்கமே இல்லை என்ற நிலை. 2013இல் ரியாக்ட் வெளியானது. இடையிலும் பிறகும் எத்தனையோ வந்து போயின. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும், பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் ஹெச்டிஎம்எல், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் தொண்ணூறுகளிலிருந்து அங்கேயே இருக்கின்றன.

அடிப்படை தெரியாவிட்டால் என்ன நஷ்டம்? வெறும் பெட்டி மட்டுமான டிவ் டேகை எடுத்து, நிறம் பூசி, கிளிக் வைத்துப் பட்டன் மாதிரி ஆக்குவார்கள். பார்க்கப் பட்டன்தான். கீபோர்டில் டேப் அழுத்தி அங்கே போக முடியாது, என்டர் வேலை செய்யாது, பார்வையில்லாதவர் ஆண்ட்ராய்டில் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துக் கேட்டால் அது பட்டன் என்று சொல்லாது. நிஜப் பட்டன் டேக் இவை எல்லாவற்றையும் சும்மாவே தருகிறது. பெட்டிகளை ஃபார்முக்குள் வைத்தால், கீபோர்டிலேயே அனுப்பிவிடலாம். இன்புட்மோடு என்ற பண்பில் நியூமெரிக் என்று ஒரு சொல் போட்டால் போனில் எண் பலகை மட்டும் பெரிதாக எழும்பும். சித்தப்பாவுக்கு நான் செய்த உதவிகளிலேயே அந்த ஒரு சொல்தான் பெரியது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது, ஏனென்றால் நான் அந்த வருஷம் முழுக்க ரியாக்ட் மாதிரி ஃபிரேம்வொர்க் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடியோ பார்ப்பது தவறில்லை. பார்த்து முடித்ததும் கற்றுவிட்டதாக நினைப்பதுதான் வம்பு. வீடியோவில் இருப்பவர் அடிக்க அடிக்க நாமும் அடித்தால் கை பழகும், மூளை தூங்கும். வீடியோவை மூடிவிட்டு, வெற்றுக் கோப்பில் அதையே மறுபடி எழுதிப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அதுதான் உங்களுக்குத் தெரியாத இடம்.

தடைக்காலம் எத்தனை நாள்?

எழுதிப் பழக நான் கொடுக்கும் முதல் வேலை இது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், 61 நாள். அதைக் காட்டி, முடிய இன்னும் எத்தனை நாள் என்றும் சொல்லும் ஒரு பக்கம். அரை மணி நேர வேலை என்று நினைத்துத் தொடங்குவார்கள்.

முதலில், முடிய மீதியுள்ள நாள் 30 கூடுதலாக வரும். ஜாவாஸ்கிரிப்டில் மாதம் பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஜனவரி 0, ஏப்ரல் 3. தேதியை எண்களாக 2025, 4, 15 என்று கொடுத்தால் மே 15 கிடைக்கும். (இந்த மொழியின் முதல் வடிவத்தை 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார். தேதி விஷயத்தை அப்படியே ஜாவாவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த அவசரத்தின் கடனை நாம் இன்னும் அடைக்கிறோம்.)

மாதத்தைத் திருத்தினாலும் தடைக்காலம் மொத்தம் 60 நாள் என்றுதான் வரும். ஒரு நாள் எங்கே போச்சு? கழித்தால் இரண்டு தேதிகளுக்கு இடையிலான தூரம்தான் கிடைக்கும். தடைக்காலமோ முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணுவது. 16, 31, 14 என்று மாதம் மாதமாக விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் 61 சரியாக வரும். பதில் முன்பே தெரிந்த கணக்கை எடுத்துக்கொள்வதில் இதுதான் வசதி. திரை பொய் சொன்னால் உடனே பிடிபடும்.

மூன்றாவது தவறு பகலில் தெரியாது. ‘2025-06-15’ என்று கோடு போட்ட சரமாகத் தேதியைக் கொடுத்தால், அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நமக்கு அது காலை ஐந்தரை. மீதி நேரத்தை மேல்நோக்கி முழு நாளாக்கிக் காட்டினால், 14ஆம் தேதி நள்ளிரவு தடை முடிந்த பிறகும் பக்கம் விடியும்வரை ‘இன்னும் 1 நாள்’ என்றே பிடிவாதம் பிடிக்கும். அதே தேதியை எண்களாகக் கொடுத்தால் நம் ஊர் நள்ளிரவு கிடைக்கும்.

இந்த ஒரு பக்கத்தை ஒழுங்காக முடித்தவர், யாரோ செய்த வீடியோ தளத்தின் நகலை மூன்று நாளில் எழுதியவரைவிட நேர்முகத்தில் நன்றாகப் பேசுவார். எதை உடைத்தோம், எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்ல அவரிடம் கதை இருக்கும்.

ஒரே தொண்டி, இரண்டு தொண்டி

தமிழில் பக்கம் செய்கிறவர்கள்கூடத் தமிழில் சோதிப்பதில்லை. கீழக்கரை என்ற பெயரில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 8 என்னும். கொம்பு, புள்ளி, சுழி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுகிறது. ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று ஃபார்மில் உச்சவரம்பு வைத்தால், இராமநாதபுரம் ‘இராமநாதபுர’ என்று வாலறுந்து நிற்கும். கண்ணுக்குத் தெரிவதுபோல எண்ண வேண்டுமானால் இன்டல் செக்மென்டர் என்று பிரவுசரிலேயே ஒன்று இருக்கிறது.

தொண்டி என்ற ஊர்ப் பெயரின் வம்பு வேறு. ‘தொ’வில் வரும் ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில், ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒப்பிட்டால் வேறு வேறு என்று சொல்லும். தேடல் பெட்டியில் தொண்டி என்று அடித்தால் ‘எதுவும் இல்லை’ என்று வரும், நீங்களோ பட்டியலில் தொண்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒப்பிடும் முன் இரண்டையும் நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இதற்காக நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

பட்டனுக்கு அகலத்தைக் கட்டிப்போடுவதையும் விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் முடிவது நமக்குப் ‘பணம் செலுத்துக’ ஆகும். பக்கத்தின் மொழி தமிழ் என்று ஹெச்டிஎம்எல் டேகில் குறிக்காமல் விட்டால், படித்துச் சொல்லும் கருவிக்கு எந்தக் குரலில் படிப்பது என்று தெரியாது.

வெயில், விரல், சிக்னல்

அந்தச் சாம்பல் எழுத்துக்கு வருகிறேன். வெப் அணுகல்தன்மை வழிகாட்டியின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். நான் ஆசையாக வைத்திருந்த, 999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் வெள்ளையின்மேல் 3ஐக்கூடத் தொடாது. குரோம் பிரவுசரிலேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் நிறத்தின்மேல் கிளிக் செய்தால் இந்த எண் தெரியும். ஆனாலும் நான் இதை மண்டபம் கடற்கரையில் நின்று சோதிப்பதுண்டு.

தொடும் இடத்துக்கு ஆப்பிள் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டு 48 டிபி என்று சொல்கின்றன (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்). என் பழைய பட்டனின் உயரம் 20 பிக்சல். ஈர விரல் வேண்டாம், காய்ந்த விரலே திணறும்.

போனில் எடுத்த படத்தை அப்படியே போடாதீர்கள். நாலாயிரம் பிக்சல் அகலப் படத்தை நானூறு பிக்சலில் காட்ட, பார்ப்பவரின் டேட்டா தீரும். அகலமும் உயரமும் குறித்துவிட்டால், படம் வந்து சேரும்போது பக்கம் துள்ளாது. டெவ்டூல்ஸில் நெட்வொர்க்கை மெதுவாக்கியும் பார்க்கலாம், தனுஷ்கோடி ரோட்டில் பஸ்ஸில் உட்கார்ந்தும் பார்க்கலாம்.

கடலுக்குள் போனால் அந்த மெதுவான சிக்னலும் இருக்காது. எழுதியதை, போனின் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜிலாவது வைக்காமல் விட்டால், பக்கம் மறுபடி லோடாகும்போது அன்றைய கணக்கு போய்விடும். எனக்கு ஒருமுறை போயிருக்கிறது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். எல்லாவற்றையும் அதிலும் எழுதியே வைத்திருந்தார்.

இப்போது அந்தப் பக்கத்தில் எழுத்து கறுப்பு, பட்டன் கட்டைவிரல் அளவு, கூட்டல் சரி. ஆனால் ஐஸைக் கிலோவில் கேட்கிறது. அவர்கள் வாங்குவது பார் கணக்கில். ஒவ்வொரு தடவையும் மனதில் பெருக்கிவிட்டு எழுதுகிறாராம், இத்தனை நாளாக. போன வாரம்தான் சொன்னார்.