மாவு பொங்கிவிட்டதா? கொட்டிவிடாதீர்கள்

சித்திரை மாதத்தில் மதுரையில் இட்லி மாவு அரைக்கவே யோசனையாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி, அடுப்புத் திட்டெல்லாம் வழிந்து கிடக்கும். மோந்தால் சுள்ளென்று புளிப்பு. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறையப் படுத்திருக்கும் நாளில்தான் இது நடக்கும். பதறிப்போய் மாவைக் கொட்டுவதுதான் பெரிய தவறு.

மாவைப் புளிக்க வைப்பவை உளுந்தோடும் அரிசியோடும் வரும் பாக்டீரியாக்கள். லியூகோனாஸ்டாக் என்ற வகை முதலில் பெருகி, கரியமில வாயுவை விட்டு மாவை உப்ப வைக்கிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. 30 டிகிரி வாக்கில் இந்த வேலை நிதானமாக நடக்கும். சூடு கூடினால் புளிப்பு முந்திக்கொள்ளும். அதனால் 'எட்டு மணி நேரம்' என்ற கணக்கைக் கோடையில் நம்பாதீர்கள். நாலைந்து மணி நேரத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். நன்றாக உப்பியிருந்தால் உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றவும் வேண்டாம்.

பலர் கவனிக்காத இடம் கிரைண்டர். கல் சூடானால் மாவும் சூடாகி, புளிப்பு அங்கேயே ஆரம்பித்துவிடும். கோடையில் உளுந்தை ஃபிரிட்ஜில் ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து அரைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அரைத்த உளுந்தைக் கொஞ்சம் தண்ணீரில் கிள்ளிப் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும் என்று அப்பத்தா சொல்லும். இன்றுவரை எனக்கு அந்தச் சோதனை தப்பியதில்லை.

சரி, மாவு புளித்தே போய்விட்டது. சிலர் ஆப்ப சோடாவை அள்ளிப் போடுவார்கள். புளிப்பு அடங்கும்தான். ஆனால் இட்லி மஞ்சளடித்து, சோப்பு வாடை வரும். அதற்குப் பதிலாகப் புதிதாக அரைத்த, புளிக்காத மாவைக் கலந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ சுடலாம். புளித்த மாவுக்குத்தான் அந்த ருசி வரும்.

மார்கழியில் கதை நேர்மாறு. காலையில் மாவு வைத்தது வைத்தபடி இருக்கும். அதைப் போட்டு அடித்துக் கலக்காதீர்கள், சேர்ந்திருக்கும் கொஞ்ச வாயுவும் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்துக்குள் மாவுச் சட்டியை இறக்கி வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள். தண்ணீர் கூடிப்போன மாவு தோசைக்கு ஆகும். உப்பு மறந்திருந்தால் ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து, ஊற்றுவதற்கு முன் மெதுவாகக் கலந்தால் போதும்.

மாவின் மேல் இளஞ்சிவப்பாகவோ, பச்சை கறுப்பாகவோ திட்டு தெரிந்தாலும், அழுகல் வாடை வந்தாலும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மேலாக வழித்துவிட்டு அடியில் இருப்பதை ஊற்றுவதும் ஆகாது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு, சட்டி, கரண்டி, கிரைண்டர் கல் எல்லாவற்றையும் வெந்நீர் விட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த மாவை அரையுங்கள்.