இரவு வகுப்புக்கான காசு நின்றால் ஊர் என்ன செய்யலாம்

வளர்ந்தோருக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தருகிற இரவு வகுப்புக்கு நிதி நிற்கப்போகிறது என்ற கடிதம் வந்ததும் காசு சேர்க்க ஓடாதீர்கள். முதல் வேலை, அடுத்த வகுப்பு நாளன்று வகுப்பை நடத்துவது. கதிரையைத் திருப்பி எடுத்துவிட்டார்களா, பாயை விரியுங்கள். ஆசிரியருக்குக் கொடுப்பனவு இல்லாமல் வரமுடியவில்லையா, எழுத்துத் தெரிந்த யாராவது ஒருவரைப் பிடித்து இருத்துங்கள். அன்றைக்கு ஒரு பந்தி வாசித்துவிட்டுக் கலைந்தாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் திறந்ததும் பிள்ளைகள் வருவார்கள், தாய்தகப்பன் அனுப்புவார்கள். வளர்ந்த ஆளை அனுப்ப யார் இருக்கிறார்கள்? நாற்பது வயதில் ஒரு பெண் வெட்கத்தையும், மாமியாரின் முணுமுணுப்பையும், அடுப்படி வேலையையும் தாண்டி ஒருமுறை வந்துவிடுவாள். வகுப்பு இரண்டு மூன்று கிழமை நின்றால் அந்த நேரத்துக்கு வேறு வேலை வந்து குந்திவிடும். பிறகு அவளைத் திரும்பப் படலைக்கு வெளியே கொண்டுவருவது பெரிய பாடு. இந்தப் பக்கத்தில் நான் கண்ட வகுப்புகளில் பல, காசு இல்லாததால் நேரடியாக நிற்கவில்லை. “காசு வரட்டும், பிறகு தொடங்குவோம்” என்று பார்த்திருந்த இடைவெளியில்தான் நின்றன.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியை ஒட்டிய ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் இரவு வகுப்பைத் தொடங்கியது ஒரு தொண்டு நிறுவனம். அவர்களுக்குக் கொடுத்தவர்கள் கையை எடுத்தார்கள், அவர்களும் போனார்கள். எங்களுடையது மட்டும் அல்ல. 2022இல் இலங்கை கடன் கட்ட முடியாமல் நின்றபோதே அரசாங்கத்தின் பக்கம் எல்லாச் செலவும் இறுகிவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியது, ஜூலையோடு அந்த உதவிகளை நடத்திய யூ.எஸ்.எயிட் நிறுவனமே தன் வேலைகளை முடித்துக்கொண்டது. இனி ஒரு திட்டம் வந்து எல்லாவற்றையும் பழையபடி செய்துதரும் என்று காத்திருக்கக்கூடாது.

எங்கள் வகுப்புக்கு யார் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், கடிதம் எழுதும்போது அதுதான் உங்கள் வழக்கு. போரின் கடைசிக் காலமான 2008, 2009இல் பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்த பிள்ளைகள் இன்று முப்பதை நெருங்குகிறார்கள். அந்த வயதில் அவர்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் செட்டிகுளம் முகாமில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்குத் தம்பி தங்கச்சியைப் பார்க்கிற பொறுப்பு, சிலருக்குக் கூலி வேலை. பள்ளிக்கூடம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. இவர்களைச் “சோம்பலில் படிக்காமல் விட்டவர்கள்” என்று ஒருவர் ஒரு கூட்டத்தில் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இவர்களுக்கு ஒரு பலகையும் ஒரு விளக்கும் கொடுப்பது தர்மம் இல்லை, பாக்கிக் கணக்கு.

திட்டக்காரர் போகுமுன்

நிறுவனத்தின் அலுவலர் கடைசியாக வருகிற நாளைத் தெரிந்து வைத்திருங்கள். அன்றைக்கு மூன்று விஷயம் உங்கள் கைக்கு வர வேண்டும். வரவுப் பதிவேடு; ஒவ்வொருவரும் எந்த மட்டத்தில் வாசிக்கிறார், கணக்குச் செய்கிறார் என்று ஆசிரியர் எழுதிவைத்த குறிப்பு; கதிரை, வெண்பலகை, விளக்கு, மின்கலம் எல்லாம் சங்கத்துக்குக் கையளிக்கப்பட்டன என்று கையொப்பமும் திகதியும் போட்ட ஒரு கடிதம். கடிதம் இல்லாமல் பொருளை மட்டும் விட்டுவிட்டுப் போனால், ஆறு மாதம் கழித்து இன்னொருவர் வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். கேட்க உங்களிடம் ஒரு துண்டும் இருக்காது.

அப்படியே திட்டத்தின் செலவுப் பட்டியலையும் கேளுங்கள். கிடைத்தால் சங்கக் கூட்டத்தில் வரிவரியாக வாசியுங்கள். கள உத்தியோகத்தரின் வாகனம், பதாகை, அறிக்கை அச்சிடுதல், நகரத்து விடுதியில் நடந்த பயிற்சிப்பட்டறை என்று பெரிய தொகைகள் எல்லாம் வகுப்பறைக்கு வெளியே இருக்கும். வகுப்பறைக்குள் வருவது மின்கட்டணம், ஆசிரியரின் போக்குவரத்து, கொப்பி, பேனை, மார்க்கர், ஒரு பிளேன்ரீ. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தபிறகுதான் எங்கள் சங்கத்து ஆக்களுக்கு மூச்சு வந்தது.

எழுதிக் கேளுங்கள்

ஊர் சுமப்பது ஒரு பக்கம். ஆனால் முழுப் பாரத்தையும் ஊர் தலையில் போட்டுக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விக்கு என்றே ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு விலகினவர்களும் எழுத்தறிவு இல்லாத பெரியவர்களும் அந்தப் பிரிவின் பொறுப்பு. நேரில் போய்க் கதையுங்கள், ஆனால் கதைத்ததோடு திரும்பாதீர்கள். கடிதத்தைக் கையில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். வடமாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. எங்களுடையது ஏறக்குறைய இப்படி:

“எமது கிராமத்தில் வாரத்தில் மூன்று மாலைகள் வளர்ந்தோருக்கான வகுப்பு நடைபெறுகிறது. நிதி நிறுத்தப்பட்ட பின்னரும் வகுப்பு ஒரு நாளும் நிறுத்தப்படவில்லை (வரவுப் பதிவேட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது). கட்டடத்தையும் மின்சாரத்தையும் சங்கம் பொறுப்பேற்றுள்ளது. தங்கள் பிரிவிலிருந்து ஒரு போதனாசிரியரின் கொடுப்பனவையும் எழுத்தறிவுப் பாடநூல்களையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தங்கள் முடிவை எழுத்தில் அறியத்தரவும்.”

எங்கள் பங்கு இது, உங்கள் பங்கு இது என்று பிரித்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள். “உதவி செய்யுங்கள்” என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும். பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் கிராம அலுவலருக்கும் அனுப்புங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் யாராவது அதை எடுக்க வேண்டுமென்றால் அவர்கள் கையில் தாள் இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள்: வளர்ந்தோர் கல்விக்கு இந்த ஆண்டு இந்த வலயத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, எந்தெந்தக் கிராமங்களில் வகுப்பு நடக்கிறது? ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. கோரிக்கையைப் பெற்றதற்கு ஒப்புகை தரவேண்டும், 14 வேலைநாட்களுக்குள் தருவோம் அல்லது மறுக்கிறோம் என்ற முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். வெளிநாட்டு அரசாங்கத்திடமோ சர்வதேச அமைப்பிடமோ பெருமளவு காசு வாங்கிப் பொதுச் சேவை செய்கிற தொண்டு நிறுவனமும், அந்தச் சேவையைப் பற்றி, இந்தச் சட்டத்துக்குள் வரும். இதை ஆக்கள் அதிகம் அறிவதில்லை.

பிரதேச சபை விஷயத்தில் எங்கள் ஆலோசனை: அவர்களிடம் காசு கேட்காதீர்கள், வெளிச்சம் கேளுங்கள். தெருவிளக்கு அவர்களுடைய வேலை. வகுப்புக்கு வருகிற ஒழுங்கையில் எந்தெந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை என்று கம்ப இலக்கத்தோடு எழுதிக் கொடுங்கள். பெண்கள் இரவில் வராமல் விடுவதற்கு இருட்டு ஒரு பெரிய காரணம். யானை இறங்குகிற ஊர்களில் சொல்லவே தேவையில்லை. அடுத்த ஆண்டுக்கான பாதீடு டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும், ஆகவே செப்டம்பர், ஒக்ரோபரிலேயே உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். பொது நூலகத்தில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் வாங்கும்படியும் கேட்கலாம்.

ஊரின் பங்கு

வகுப்புக்கு வருகிறவர்களிடம் கட்டணம் வாங்காதீர்கள். இதில் எங்கள் சங்கத்துக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது, “சும்மா கொடுத்தால் மதிப்பு இருக்காது” என்று. நான் இணங்கவில்லை. எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் கிழமைக்கிழமை நுண்கடன்காரருக்குக் கட்டுகிறார்கள். கட்ட முடியாத கிழமை அவர்கள் வீட்டை விட்டே மறைந்து நிற்கிறார்கள். வகுப்பிலும் ஒரு தண்டல் வந்தால் இங்கேயும் மறைவார்கள். கடன் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டதுதான் சிலரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது, அதனாலேயே வகுப்புக்கு வந்தவர்கள் அவர்கள்.

காசுக்குப் பதிலாக நெல். காலபோக அறுவடை தை, மாசியில் நடக்கும்போது கமக்கார அமைப்போடு பேசி, ஏக்கர்க் கணக்கில் இல்லாமல் வீட்டுக்கு விரும்பினது என்று சேர்த்தோம். களத்தில் நெல் குவிந்து கிடக்கிற நேரம் கொடுக்கிற மனம், ஐப்பசியில் காசாகக் கேட்கும்போது இருக்காது. சேர்ந்ததை அன்றைய விலைக்கு விற்று, சங்கத்தின் பெயரில் மூவர் கையொப்பத்தோடு வங்கியில் போட்டோம். யார் எவ்வளவு தந்தார் என்று அறிவித்தல் பலகையில் எழுதவில்லை, வரவும் செலவும் மட்டும் எழுதினோம். கால் புசல் தந்தவரும் பத்து மூட்டை தந்தவரும் ஒரே வரியில் நிற்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரரிடம் ஒருதரம் வாங்கிவைக்கிற பொருளைக் கேளுங்கள்: சோலர் விளக்கு, வெண்பலகை, மூக்குக்கண்ணாடி. ஆம், மூக்குக்கண்ணாடி. எழுத்துத் தெரியவில்லை என்று நாங்கள் நினைத்திருந்த சிலருக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்ததுதான் பிரச்சினை. மாதாந்தச் செலவை ஒரே ஆளின் மேல் வைக்காதீர்கள், அவருக்கு வேலை போனால் உங்கள் வகுப்பும் போய்விடும். படம் அனுப்பச் சொல்வார்கள். பலகையை, கொப்பியை, விளக்கைப் படமெடுத்து அனுப்புங்கள். ஆட்களின் முகம் வேண்டாம். தாய் ‘அ’ எழுதுகிற படம் மகனின் கைப்பேசிக்கு வந்துசேர்ந்தால் அடுத்த நாள் அந்தத் தாய் வரமாட்டாள்.

இடம் எது என்பதிலும் கவனம். சனசமூக நிலையம், முன்பள்ளிக் கட்டடம் இரண்டும் நல்லது. பள்ளிக்கூடம் என்றால் அதிபரின் அனுமதி எழுத்தில் வேண்டும். கோயில் மண்டபமும் தேவாலய மண்டபமும் சும்மா கிடைக்கும்தான், ஆனால் ஊரில் ஒருவராவது அந்த வாசலில் தயங்கி நிற்பார் என்றால் அது வகுப்புக்கு உரிய இடம் இல்லை.

யார் படிப்பிப்பது, எதை வைத்து

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிற பிள்ளை ஒன்றும் சேர்ந்தால் நல்ல சோடி. ஒருவர் வராத நாள் மற்றவர் நடத்துவார். கிளிநொச்சிக்குக் கிட்ட என்றால் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன, மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். இளம் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்: அம்மா, அக்கா, அண்ணை என்று கூப்பிட வேண்டும், பிழையைப் பலகையில் வைத்துக் காட்டக்கூடாது. சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும் பெற்றோல் காசைக் கட்டாயம் கொடுங்கள். இளம் பெண் என்றால் வீடு வரைக்கும் யார் கொண்டுபோய் விடுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

பாடநூல் வரும்வரை வீட்டில் கிடக்கிற தாள்களே போதும். மின்பட்டியல், கிளினிக் கொப்பி, அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக் கடிதம், மருந்துப் பக்கற்றில் எழுதியிருக்கிற நேரம். பால் ஊற்றுகிற பெண்களுக்கு சேகரிப்பு நிலையத் துண்டுதான் கணக்குப் பாடம்: எத்தனை லீற்றர், கொழுப்பு எவ்வளவு, ஒரு லீற்றருக்கு என்ன விலை விழுந்தது. துண்டில் இருந்த பிழையை ஒரு அக்கா தானே கண்டுபிடித்துப் போய்க் கேட்டுத் திருத்தி வந்தார். அன்றைக்கு வகுப்பில் வேறு பாடம் நடக்கவில்லை, அவர் அந்தக் கணக்கைப் பலகையில் எல்லோருக்கும் செய்துகாட்டினார்.

நேரத்தை ஊரின் வேலை தீர்மானிக்கட்டும். கச்சான் பிடுங்கும் காலத்திலும் அறுவடையிலும் கிழமைக்கு ஒரு நாளாகக் குறையுங்கள், ஆனால் அந்த ஒரு நாளை விடாதீர்கள். கார்த்திகை, மார்கழி மழையில் ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றலாம். சாதாரண தரம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத விரும்புகிறவர்களுக்கு அடையாள அட்டை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், விண்ணப்பம் கோரும்போது தேடினால் பிந்திவிடும். மேசன், தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு, வகுப்பில் உட்காராமலே செய்த வேலையைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறுகிற வழியும் உண்டு. அந்தப் படிவத்தை வாசித்து நிரப்புவதையே பாடமாக்குங்கள்.

உங்கள் ஊரில் வகுப்பு ஏற்கனவே நின்றுவிட்டது என்றால் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டாம். பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு, வகுப்பில் படித்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போங்கள். முதல் நாள் மூன்று பேர்தான் வந்தாலும் முழு நேரமும் நடத்துங்கள். பதிவேட்டில் திகதியைப் போட்டு அந்த மூன்று பேரையும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதச் சொல்லுங்கள். வலயத்துக்கு எழுதுகிற கடிதத்தோடு அந்தப் பக்கத்தின் பிரதியைத்தான் இணைக்கப்போகிறீர்கள்.