‘பிரஷர், சர்க்கரை’ என்று எழுதிப் பக்கவாதக் குறிப்பை மூடும் முன்

சென்ற வாரம் இரவுப் பணியில், புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர் ஒருவரின் நோயாளிக் குறிப்பைப் புரட்டினேன். ‘உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு; அதனால் பக்கவாதம். ஆஸ்பிரின் தொடரவும்.’ கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதுதான். எரிச்சல் வந்தது, பாதி அவர்மீது, பாதி என்மீது.

முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே கவனியுங்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. பக்கவாதப் பிரிவுக்குள் கால் வைத்தவர்களுக்கு அது தெரியும். அது தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

பார்த்த நேரத்தைத் தொடங்கிய நேரமாக எழுதுவது

‘காலை 6 மணிக்குக் கை வரவில்லை’ என்று வீட்டார் சொன்னால், 6 மணிக்கு அவர் விழித்தார் என்றுதான் பொருள். கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குரிய நாலரை மணி நேரம் அங்கிருந்து ஓடத் தொடங்குகிறது. அதற்காக, நேரம் கடந்துவிட்டது என்று நீங்களாகவே கைகழுவவும் வேண்டாம். பெரிய ரத்தக்குழாய் அடைபட்டவர்களில் தகுதியானவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் செலுத்திக் கட்டியை எடுக்க முடிகிறது.

சர்க்கரை பார்க்காமல் ஸ்கேனுக்கு ஓடுவது

விரல் நுனியில் ஒரு குத்து. ரத்தச் சர்க்கரை தாழ்ந்தாலும் ஒரு பக்கம் செயலிழக்கும்.

முதலில் கிடைத்த காரணத்தோடு தேடலை முடிப்பது

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த அம்மாளுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. இடது கை வலுவிழந்து வந்தவர், மூன்றே நாட்களில் பெருமளவு தேறிவிட்டார். நெடுநாளாக உயர் ரத்த அழுத்தம் இருந்தது, நீரிழிவும் இருந்தது, ஈசிஜியில் குறை எதுவும் இல்லை. எனக்கு வேறென்ன வேண்டும்? ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் எழுதி அனுப்பினேன். கிளம்பும்போது அவருடைய மகள், “சில நாள் இரவில் அம்மாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, டாக்டர். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்” என்றார். “பயத்தில் அப்படித்தான் இருக்கும் அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

நான்கு மாதம் கழித்து அதே அம்மாள் வலப்பக்கம் முழுவதும் விழுந்து, பேச்சு போய் வந்து சேர்ந்தார். இந்த முறை ஈசிஜியில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. மகள் என்னைத் திட்டவில்லை. “அன்றைக்கே சொன்னேனே, டாக்டர்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற அந்தக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். இடது மேலறையோடு ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். உறைந்த கட்டி கிளம்பினால் நேரே மூளைக்குப் போகலாம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. பலருக்கு இது வந்து வந்து மறைவதுதான் நம்மை ஏமாற்றுகிறது. ஈசிஜித் தாளில் விழுவது பத்து நொடி இதயத்துடிப்பு. அந்தப் பத்து நொடியை நம்பி நான் ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் இந்தத் துடிப்புக் கோளாற்றுக்கே வழி வகுப்பவை. ஆக, அவை இருக்கும் நோயாளியிடம் இதயத்தைக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். நாமோ, பிரஷர் இருக்கிறது, காரணம் கிடைத்துவிட்டது என்று பேனாவை மூடுகிறோம்.

எப்படித் தேடுவது? முதலில் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடி பாருங்கள். விரலில் மாட்டும் கருவி எண்ணிக்கையைச் சொல்லும்; ஒழுங்கு தவறுவதை அதை வைத்து முடிவு செய்ய முடியாது. படபடப்பு உண்டா என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் தனித்தனியே கேளுங்கள். ஸ்கேனில் வெவ்வேறு ரத்தக்குழாய்களின் பகுதிகளில் சிதறலாகப் பாதிப்பு தெரிந்தால் கட்டி இதயத்திலிருந்து வந்திருக்கலாம். இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவில் இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா, ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இந்தக் கோளாறு வரும். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களிடமும் அதிகம் காணப்படுகிறது.

இதயத்துடிப்பை விடாமல் பதியும் ஹோல்டர் கருவியின் ஒரு நாள் பதிவு சரியாக இருந்தது என்பதாலும் நிம்மதி அடைய வேண்டாம். காரணம் புலப்படாத பக்கவாத நோயாளிகளுக்குத் தோலின் அடியில் சிறு கருவியைப் பொருத்தி, 2014இல் வெளியான ‘கிரிஸ்டல் ஏ.எஃப்.’ ஆய்வில் கண்காணித்தார்கள். ஓராண்டில் சுமார் 12 சதவீதத்தினரிடம் கோளாறு பிடிபட்டது. வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களிடம் 2 சதவீதம்தான்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் இளையவர்கள் உண்டு. மருந்தே மாறும். இந்தக் கோளாற்றில் ஆஸ்பிரின் போதாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கின்றன. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்குப் புதிய மாத்திரைகளைவிடப் பழைய வார்ஃபரின்தான் ஏற்றது. பாதிப்பு பெரிதாக இருந்தால் எந்த நாளில் தொடங்குவது என்பதை மூத்தவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவசரப்பட்டால் ரத்தம் கசியலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு முறை சறுக்கினேன். துடிப்புக் கோளாற்றைப் பிடித்துவிட்ட பெருமிதத்தில் கழுத்து ரத்தக்குழாயைப் பார்க்காமல் விட்டேன். அதுவும் சுருங்கியிருந்தது.

பிரஷரை உடனே இறக்குவது

அடைப்பைச் சுற்றிச் சாகாமல் தாக்குப்பிடிக்கும் மூளைப் பகுதிக்கு அந்த அழுத்தம்தான் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். கரைக்கும் ஊசி போடுவதாக இருந்தால் 185/110க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அடைப்புதான் என்று ஸ்கேனில் உறுதியாகி, ஊசியோ கட்டியை எடுக்கும் சிகிச்சையோ வேறு அவசரக் காரணமோ இல்லையென்றால், முதல் நாளில் 220/120 வரை பொதுவாகக் கை வைப்பதில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றால் கணக்கு வேறு. நாக்கின் அடியில் நிஃபெடிபின் வைத்து ஒரேயடியாக இறக்கும் பழக்கம் மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

காய்ச்சலைத் தனி நோயாக எழுதுவது

காய்ச்சலோடு வந்த பக்கவாதம் என்றால் இதய வால்வில் தொற்றா என்று பாருங்கள். அப்படியென்றால் கரைக்கும் ஊசி ஆபத்து. இரண்டாம் நாள் வந்த காய்ச்சல் என்றால், விழுங்கும் திறனைச் சோதிக்காமல் யார் தண்ணீர் கொடுத்தது என்று விசாரியுங்கள்; அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

‘பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது’

அறிகுறிகள் தாமாக மறைந்திருந்தாலும் அன்றே முழுப் பரிசோதனை. அடுத்த மூன்று மாதங்களில் பக்கவாதம் வரும் ஆபத்தில் ஏறக்குறைய பாதி முதல் இரண்டு நாட்களில் இருக்கிறது.

‘பயிற்சிக்கு ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதுவது

பக்கவாதத்துக்குப் பிறகு ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. குறிப்பில் அந்த ஒற்றை வரி விழுந்துவிட்டால் பிறகு யாரும் தேடுவதில்லை. பேச்சு போனவரிடம் கேள்வி கேட்டு இதைக் கண்டுபிடிப்பது கடினம். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, வீட்டார் வரும்போது முகம் திரும்புகிறதா என்று இரவுப் பணிச் செவிலியரிடம் கேளுங்கள். நமக்கு முன்பே அவர்கள் கவனித்திருப்பார்கள்.