புதிய நூல்களின் பட்டியலை இணையத்தில் பகிர்வது எப்படி? நூலகப் பணியாளருக்கான செய்முறை

புதிதாக வந்த நூல்களின் பட்டியலை அச்சிட்டுத் தகவல் பலகையில் ஒட்டுவது நம் வழக்கம். அந்தப் பலகையைப் பார்ப்பவர் ஏற்கெனவே நூலகத்துக்குள் வந்துவிட்டவர். செய்தி போய்ச் சேர வேண்டியதோ வராதவருக்கு. அதற்காகச் சமூக ஊடகங்களையும் வேறு சில இணையக் கருவிகளையும் சோதித்துப் பார்த்து, எங்கள் நூலகத்தில் நிலைத்துவிட்ட முறையை இங்கே எழுதுகிறேன். கணக்கு தொடங்குவது, படம் ஏற்றுவது போன்றவற்றை விளக்கப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

முதல் படி: கணக்கு நூலகத்தின் பெயரில் இருக்கட்டும்

பணியாளரின் சொந்த மின்னஞ்சலில் நூலகத்துக்கான பக்கத்தைத் தொடங்கக் கூடாது. அவர் மாறுதலாகிப் போனால் பக்கமும் அவரோடு போய்விடும். நூலகத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, எல்லாக் கணக்குகளையும் அதில் தொடங்குங்கள். ஃபேஸ்புக் பக்கம் என்றால் குறைந்தது இரண்டு பேருக்கு முழு நிர்வாக உரிமை கொடுங்கள்.

கடவுச்சொல்லோடு இன்னொரு குறியெண்ணையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைக் கட்டாயம் இயக்குங்கள். அப்போது காட்டப்படும் மாற்றுக் குறியெண்களைத் தாளில் எழுதி, அலுவலக அலமாரியில் பூட்டி வையுங்கள். ஒருவருடைய கைப்பேசியை மட்டும் நம்பி இருந்தால், அந்தக் கைப்பேசி தொலையும் நாளில் நூலகமே தன் கணக்குக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: வலைப்பூதான் தலைமையிடம்

சமூக ஊடகத்தில் நேரடியாக எழுதாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பட்டியல் முழுவதும் வலைப்பூவில் இருக்கட்டும். மற்ற இடங்களில் அதன் சுட்டியை மட்டும் பகிருங்கள். வலைப்பூக்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. பொதுப் பயனர்களுக்கான கூகுள் பிளஸ் என்ற சமூக ஊடகம் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. பெரிய நிறுவனத்தின் சேவை என்பதால் என்றும் நீடிக்கும் என்று கணக்குப் போட முடியாது. வலைப்பூவில் இருப்பதையோ மொத்தமாகத் தரவிறக்கி வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம்.

பிளாக்கர் எளிது, ஆனாலும் நான் வேர்ட்பிரஸைத்தான் பரிந்துரைப்பேன். குறிச்சொற்களையும் வகைகளையும் தனித்தனியே வைத்துக்கொள்ள முடிவது நூலகர்களுக்குப் பெரிய வசதி. பகுப்புப் பழக்கம் உள்ளவருக்கு அதன் அருமை உடனே புரியும். புதிய பதிவு வந்ததை வாசகரின் செயலிக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை இரண்டிலுமே தானாக உருவாகிவிடுகிறது. ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஓடைத் திரட்டிகளைப் பயன்படுத்தும் வாசகருக்கு, நாம் வேறு எதுவும் செய்யாமலே புதிய பட்டியல் போய்ச் சேரும்.

மூன்றாம் படி: பட்டியலை மென்பொருளிலிருந்து எடுப்பது

பலர் கைவிட்டுவிடும் இடம் இதுதான். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

கோஹா போன்ற நூலக மென்பொருளின் அறிக்கைப் பகுதியில், கடந்த மாதம் சேர்க்கப்பட்ட நூல்களைத் தேர்ந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெற்று எழுத்து அட்டவணையாக, தரவிறக்கலாம். அந்தக் கோப்பை எலியால் இருமுறை சொடுக்கினால் பெரும்பாலான கணினிகளில் அது எக்செல்லில் திறக்கும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்த் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்துகளும் வட்டத்துக்குள் அடைபட்ட ஒரு குறியும் திரும்பத் திரும்ப வரும். பார்த்தவுடன் தரவு முழுவதும் பாழாகிவிட்டது என்றே தோன்றும்.

தரவு பாழாகவில்லை. எழுத்துகளை எண்களாகப் பதியும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். கோப்பு யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த முறையில் ‘க’ என்ற ஓர் எழுத்து மூன்று பைட்டுகளில் பதிவாகும். ‘கி’ என்றால் மெய்க்கும் உயிர்க்குறிக்குமாக ஆறு பைட்டுகள். கோப்பின் குறியாக்கம் என்னவென்று தெரியாத எக்செல், ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி மேற்கத்திய எழுத்தாகப் படித்துவிடுகிறது. கோளாறு படிக்கும் முறையில்தான். ஆனால் இந்த நிலையில் கோப்பைச் சேமித்துவிட்டால் உண்மையாகவே பாழாகலாம். எனவே சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

பிறகு எக்செல்லில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ என்பதைத் தேர்ந்து கோப்பைக் காட்டுங்கள். முன்னோட்டச் சாளரத்தின் மேற்பகுதியில் ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற பெட்டி இருக்கும். அதில் 65001 என்ற எண்ணோடு தொடங்கும் யூனிகோட் தேர்வை எடுத்தவுடன் தமிழ் சரியாகத் தெரியும்.

எனக்குப் பிடித்த வழி வேறு: லிப்ரேஆபிஸ் கால்க். அது சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போதே எழுத்துக் குறியாக்கம் எது என்று கேட்கிறது. யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. விலையில்லாத மென்பொருள், கேட்க வேண்டிய கேள்வியை முதலிலேயே கேட்கிறது. நூலகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கால்க் அப்படிக் கேட்கும் சாளரத்திலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் உள்ள நெடுவரிசையைச் சொடுக்கி, அதன் வகையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். எண் என்று விட்டுவிட்டால் 2007 முதல் வழக்கில் உள்ள 13 இலக்க எண், 9.78 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாகச் சுருங்கித் தெரியக்கூடும். பழைய 10 இலக்க எண் சுழியத்தில் தொடங்கினால் அந்தச் சுழியம் காணாமல் போகும். எக்செல்லிலும் இதே கவனம் தேவை. ஒரே தலைப்பின் இரண்டு பதிப்புகளை வாசகர் பிரித்தறிய உதவும் எண் இது. அதைச் சிதைத்து வெளியிடுவது பிழையான தகவல் தருவதாகும்.

நான்காம் படி: பதிவை வெளியிடுவது

பட்டியலை எழுத்தாகவே ஒட்டுங்கள். அழகான சுவரொட்டியாக வடிவமைத்துப் படமாக மட்டும் போடுவதை நான் ஏற்பதில்லை. படத்துக்குள் இருக்கும் தலைப்பைத் தேடுபொறியில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது பெரும்பாலும் எட்டாது. படம் வேண்டுமென்றால் கூடவே சேருங்கள். மாற்று உரைக்கான பெட்டியில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு நூலுக்கும், அலமாரியில் அதன் இடத்தைக் காட்டும் பகுப்பெண்ணையும் தாருங்கள். நூலக அறிவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. பகுப்பெண் இல்லாத பட்டியல், வாசகரை மறுபடியும் தேட வைக்கிறது.

நூலகத்தைப் படம் எடுக்கும்போது இரவல் பதிவேடும் உறுப்பினர் அட்டையும் சட்டகத்துக்குள் வந்துவிடாமல் பாருங்கள். யார் எதைப் படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். முகம் தெரிந்தால் அனுமதி கேளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: வாட்ஸ்அப்பில் குழு வேண்டாம், சேனல் போதும்

குழுவில் சேரும் ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணையும் மற்ற எல்லா உறுப்பினர்களும் பார்க்க முடியும். முன்பின் அறியாத வாசகர்களை அப்படிக் கோத்துவிட நூலகத்துக்கு உரிமை இல்லை. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். 2023இல் வந்த சேனல் வசதியில் பின்தொடர்பவரின் எண் மற்ற பின்தொடர்பவர்களுக்குத் தெரிவதில்லை. நூலகத்துக்குப் பொருத்தமானது அதுதான். வாரம் ஒரு செய்தி, அதில் வலைப்பூச் சுட்டி ஒன்று, அவ்வளவு போதும்.

ஆறாம் படி: பலகைக்கு ஒரு கியூஆர் குறி

பலகையையும் விட்டுவிட வேண்டாம். வலைப்பூ முகவரிக்கு ஒரு கியூஆர் குறி உருவாக்கி அங்கே ஒட்டுங்கள். லிப்ரேஆபிஸின் 6.4 பதிப்பிலிருந்தே அதற்கான வசதி அதிலேயே இருக்கிறது: ‘இன்சர்ட்’ பட்டியில் ‘ஓஎல்இ ஆப்ஜெக்ட்’ என்பதன் கீழே பாருங்கள். குறியைச் சுற்றி வெள்ளை விளிம்பு விட்டு அச்சிடுங்கள். விளிம்பை வெட்டிவிட்டால் சில கைப்பேசிகள் படிக்கத் திணறும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்த ஒருவர், எல்லாம் சரியாகச் செய்தும் பழைய பட்டியல்கள் மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வருகின்றன என்று எழுதியிருந்தார். அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அத்தகைய கோப்பில் உண்மையில் பதிவாகியிருப்பது ரோமன் எழுத்துதான். தமிழ் வடிவத்தைத் தருவது எழுத்துரு மட்டுமே. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாலும், அலுவலகக் கணினிகளில் பழைய எழுத்துருக்கள் நெடுங்காலம் தங்கிவிட்டன. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் மூல எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்து மாற்றுங்கள். நடுவே ஆங்கிலத் தலைப்புகள் இருந்தால் அவற்றையும் தமிழாக நினைத்து மாற்றிவிடும். அவற்றை முதலில் தனி நெடுவரிசைக்கு நகர்த்துங்கள்.

பின்சேர்க்கை 2: இணையதளம் ஒன்றில் உருவாக்கிய கியூஆர் குறி சில நாட்களில் வேலை செய்யவில்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சில தளங்கள் நம் முகவரிக்குப் பதிலாகத் தங்கள் முகவரியைக் குறிக்குள் வைத்து, அங்கிருந்து நம் பக்கத்துக்குத் திருப்பிவிடுகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் அந்தத் திருப்பம் நின்றுவிடும். அச்சிடும் முன் குறியைக் கைப்பேசியில் படித்து, திரையில் தெரிவது உங்கள் வலைப்பூவின் முகவரியேதானா என்று பாருங்கள். வேறு முகவரி தெரிந்தால் அந்தக் குறியை ஒட்ட வேண்டாம்.