சிதறால் மலைக்குப் போகிறீர்களா?

ஊருக்கு வந்தால் கன்னியாகுமரியில் சூரிய உதயம், வழியில் பத்மநாபபுரம் அரண்மனை, அத்தோடு குமரி மாவட்டம் முடிந்தது என்று கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அரை நாள் கூடுதலாகக் கிடைத்தால் அதே மாவட்டத்தில் உள்ள சிதறால் மலைக்கோவிலுக்குப் போய் வாருங்கள். மார்த்தாண்டத்திலிருந்து 7 கி.மீ. தான், ஆட்டோ போதும். ரயிலில் வருகிறவர்கள் குழித்துறையில் இறங்கலாம். விமானத்துக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம்.

அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை. ஏற்றம் பெரிதில்லை, தாத்தா பாட்டியும் நின்று நின்று ஏறிவிடுவார்கள். வெயில்தான் படுத்தும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீரும் கையோடு இருக்கட்டும். மழையில் பாறை வழுக்கும். குமரியில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை.

ஊர்க்காரர்களுக்கு இது மலைக்கோவில், உள்ளே பகவதி. ஆனால் 9ஆம் நூற்றாண்டில் திருச்சாரணத்துமலை என்ற பெயரில் இது சமணப் பள்ளி, அதாவது சமணத் துறவிகளின் இடம். ஆய் வம்ச மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி இங்கே பொன் அணிகள் கொடுத்ததை வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பகவதி கோவிலாகிவிட்டது.

கும்பிட்டுவிட்டு அப்படியே இறங்கிவிடாதீர்கள். கூரைபோல் நீட்டி நிற்கும் பாறையின் பக்கவாட்டில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் சட்டென்று புத்தர் என்று நினைத்துவிடுவது இயல்புதான். தலைக்கு மேல் முக்குடையைத் தேடுங்கள்; மூன்றடுக்குக் குடை இருந்தால் அவர் தீர்த்தங்கரர். படமெடுத்த பாம்பின் கீழ் நிற்பவர் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர். சிங்கமும் குழந்தைகளுமாக இருப்பவள் அம்பிகா என்ற சமணப் பெண் தெய்வம். உங்கள் பிள்ளைகளிடம் இவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால் செல்போனைக் கீழே வைத்துவிடுவார்கள்! சிலைகளைத் தொட மட்டும் விடாதீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.

மீதி நேரத்துக்குத் திற்பரப்பு அருவி, பக்கத்திலேயே பாறையைக் குடைந்து செய்த திருநந்திக்கரை குடைவரைக் கோவில். இரண்டு ஊர்ச் சிவன் கோவில்களும், சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடிப்போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டத்தின் 12 கோவில்களில் சேர்ந்தவை. அந்தச் சமயத்தில் வந்தால், கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று சிவன் கோவில்களுக்கு ஓடும் கூட்டத்தைப் பார்க்கலாம். அப்போது காரில் அவசரப்பட முடியாது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளையும் சேர்த்துக்கொண்டால் ஆண்கள் வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள், சட்டையைக் கழற்ற வேண்டும். இந்தப் பக்கக் கோவில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், அந்த நேரத்துக்கு அருவியை வைத்துக்கொள்ளலாம்.