வீட்டில் போட்டோ எடிட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறீர்களா? மானிட்டரில் இருந்து ஆரம்பியுங்கள்

"போட்டோ எடிட்டிங்குக்கு ஒரு சிஸ்டம் வேணுங்க" என்று கடையில் கேட்டால், பெரும்பாலும் கேமிங் கொட்டேஷன்தான் கைக்கு வரும். கண்ணாடி கேபினட், கலர் லைட் எரியும் ஃபேன், பெரிய கிராபிக்ஸ் கார்டு எல்லாம் இருக்கும். கடைசி வரியில் இருப்பதிலேயே மலிவான மானிட்டர். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு கேட்லாக் படம் திருத்துகிறவருக்கு இது தலைகீழ் கணக்கு. மெரூன் டி-ஷர்ட் உங்கள் திரையில் ஒரு நிறம், வாங்குபவரின் போனில் வேறு நிறம் என்றால் சரக்கு ரிட்டர்ன்தான்.

படி 1: மானிட்டர்

ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), எஸ்ஆர்ஜிபி (இணையப் படங்களுக்கான பொதுவான நிற வரம்பு) 99 சதவீதம். இதற்குக் கீழே இறங்க வேண்டாம். விவரப் பட்டியலில் '45 சதவீத என்டிஎஸ்சி' (பழைய டிவி தரத்தின் நிற வரம்பு) என்று இருந்தால் அதை வாங்காமல் விட்டுவிடுங்கள். எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில் வராது. '72 சதவீத என்டிஎஸ்சி' ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபி அளவுக்குச் சமம். '1.67 கோடி நிறங்கள்' என்பது பெரும்பாலான மானிட்டர் அட்டைகளில் இருக்கும், அதை நம்பி ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

27 அங்குலம் என்றால் 2560×1440. அதே அளவில் 1920×1080 வாங்கினால் புள்ளிகள் பெரிதாகி, ஷார்ப்னெஸ் எவ்வளவு வைப்பது என்றே பிடிபடாது. பணம் இடிக்கிறதா, 24 அங்குலம் போதும்.

கோவை காந்திபுரம் கடைக்குப் போகும்போது, கறுப்பில் இருந்து வெள்ளை வரை படிப்படியாக மாறும் ஒரு சாம்பல் பட்டையைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். முழுத்திரையில் போட்டு, நேராகவும் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். இருண்ட கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தாலோ, சாம்பலில் பச்சையோ ரோஸோ தட்டினாலோ அந்த மானிட்டர் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பிரைட்னெஸைக் குறையுங்கள். கம்பெனியிலிருந்து வரும் அளவு கண்ணைப் பறிக்கும். அதில் படத்தைத் திருத்தினால் பிரிண்ட் இருட்டடிக்கும். கேலிப்ரேட்டர் (திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவி) கிடைத்தால் பிரகாசம் 100–120 கேண்டலா, வெள்ளை நிறம் 6500 கெல்வின், காமா (நடுத்தர வெளிச்சத்தின் அளவு) 2.2 என்று வையுங்கள். திரையை மஞ்சளாக்கும் விண்டோஸின் 'நைட் லைட்' அணைந்திருக்க வேண்டும்.

படி 2: ரேம், ஸ்டோரேஜ்

குறைந்தது 16 ஜிபி. போட்டோஷாப்பில் லேயர் அடுக்குபவர்களுக்கு 32. ஒரே 32-க்குப் பதில் இரண்டு 16 ஆக வாங்குங்கள், ரேம் இரட்டை வழியில் ஓடும். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசஸரில் இருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும்.

ஒரு ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம்) 25 முதல் 50 எம்பி என்று வையுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் எடுத்தால் 50–100 ஜிபி. ஆகவே விண்டோஸ், லைட்ரூம் கேட்லாக் (போட்டோ திருத்தும் லைட்ரூம் மென்பொருளின் படப் பட்டியல்), நடப்பு வேலை ஆகியவற்றுக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான வகை எஸ்எஸ்டி). முடிந்த வேலைக்கு ஹார்டு டிஸ்க். அதன் நகலுக்கு வெளியே தனியாக இன்னொன்று. எஸ்எஸ்டியைக் கழுத்து வரை நிரப்பினால் வேகம் படுத்துவிடும்.

படி 3: பிராசஸர், கிராபிக்ஸ்

ஆறு கோர் உள்ள ரைசன் 5 அல்லது கோர் ஐ5 போதும். இன்டெல் மாடல் எண் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்காது, தனி கார்டு கட்டாயம். கிராப், கலர் திருத்தம் மட்டும் என்றால் கார்டே தேவையில்லை. லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி) நிறையப் பயன்படுத்துபவர்கள் 8 ஜிபி மெமரி உள்ள கார்டு பாருங்கள். கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு "கார்டு வேலை செய்யல" என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு.

படி 4: பஞ்சும் கரண்டும்

பல்லடம், சோமனூர் பக்கம் தறிச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு என்றால், முன்பக்கம் கழற்றிக் கழுவும் வலை உள்ள கேபினட் வாங்குங்கள். பஞ்சு ஃபேன் வழியே போய் ஹீட்சிங்க் (பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் கம்பளிபோல் படியும். சூடேறியதும் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தரையில் வைக்காமல் ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

தனி கார்டு போட்ட சிஸ்டத்துக்கு 600 விஏ யுபிஎஸ் திணறும்; 1000 விஏ எடுங்கள். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள்.