பினாங்கு வெயிலில் நாயைக் குளுமையாக வைத்திருப்பது எப்படி?

தைப்பூசம் முடிந்த கையோடு பினாங்கில் வெயில் ஏற ஆரம்பித்துவிடும். மழை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். புதிதாக நாய் வளர்ப்பவர்களில் பலர் ஒரு ஃபேனைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நம் ஊர் வெக்கைக்கு அது போதாது. ஏன் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயில் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றிலேயே ஈரப்பதம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் லேசில் ஆவியாகாது. கொடியில் போட்ட துணியே காயாத புழுக்கத்தில் அது எவ்வளவு இரைத்தாலும் சூடு முழுதாக இறங்காது. உலர்ந்த முடியின்மேல் ஃபேன் காற்று படுவதாலும் பெரிய பலன் இல்லை. ஈரமும் காற்றும் சேர வேண்டும்.

படி 1: உங்கள் நாய் எந்த வகை?

பக், புல்டாக், ஷீ சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகல். அவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம். வயதானவை, குண்டானவை, குட்டிகள், இதய நோய் உள்ளவை அடுத்த வரிசை. ஹஸ்கி வளர்ப்பவர்கள் வெயிலுக்குப் பயந்து மொட்டையடிக்க வேண்டாம். உதிர்ந்த அடிமுடியைச் சீப்பால் வாரி எடுத்தாலே போதும்.

படி 2: இடத்தைப் பாருங்கள்

தாமான் வீடுகளில் நாய்க்குப் பெரும்பாலும் கார் போர்ச்சில்தான் இடம். காலை பத்து மணிக்குப் பார்த்தால் நல்ல நிழலாக இருக்கும். மேற்குப் பார்த்த வீடாக இருந்தால் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்: வெயில் சரிந்து உள்ளே வந்து, நாய் படுக்கிற டைல்ஸ் கொதிக்கும். அலுமினியக் கிண்ணத்துத் தண்ணீரில் விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். கட்டிப்போட்ட நாயாக இருந்தால் நிழல் நகர, சங்கிலி அதை வெயிலிலேயே நிறுத்திவிடும். ஒரே ஒரு நாள் மணிக்கொரு தடவை போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் இடத்தை முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் மதியம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை வீட்டுக்குள் விட்டுவிடுவதே நல்லது. சமையலறையோ குளியலறை வாசலோ, குளிர்ந்த தரை எங்கே என்று அதற்கே தெரியும்.

படி 3: தண்ணீர்

சாதாரண நாளிலேயே கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரை குடிக்கும். அப்படியானால் பத்துக் கிலோ நாய்க்கு அரை லிட்டருக்கு மேல்; வெயில் காலத்தில் இன்னும் கூடும். இரண்டு இடத்தில் வையுங்கள். கனமான மண்சட்டி சாயாது, சீக்கிரம் சூடேறவும் செய்யாது. தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் நாயைவிட நமக்குத்தான் வம்பு, சோதனைக்கு வந்தால் அபராதமும் உண்டு. தண்ணீரில் இரண்டு ஐஸ்கட்டி போடலாம். விதையும் தோலும் நீக்கிய தர்பூசணித் துண்டு கொடுக்கலாம். திராட்சை மட்டும் கூடவே கூடாது, அது நாய்க்கு விஷம்.

படி 4: நனைத்துவிட்டு ஃபேன்

குழாய்த் தண்ணீரில் வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம் இவற்றை நனையுங்கள். முதுகில் மட்டும் ஊற்றினால் அடர்ந்த முடியில் தங்கிவிடும், தோலுக்குப் போகாது. நனைத்த பிறகு ஸ்டாண்டு ஃபேனை அதன் உயரத்துக்கு இறக்கி வையுங்கள். ஏர்கோன் இருந்தால் உச்சி வெயில் நேரத்தில் கொஞ்ச நேரம் போடலாம். மின்கட்டணம் ஏறும்தான், சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்கக் கூடாது.

படி 5: நடை

விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். மாலையில் சூரியன் மறைந்த பிறகும் தார் ரோடு சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. புல் ஓரமாக நடத்துங்கள். மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியா ஓர் இடத்துக்கு வெப்ப எச்சரிக்கையின் முதல் நிலையை அறிவித்தால், அங்கே தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை அடித்திருக்கிறது என்று பொருள். அந்த நாட்களில் ஒன்றுக்கு ரெண்டுக்குப் போய்வந்தால் போதும்.

கார் விஷயம் சுருக்கமாக: நாசி கண்டார் பொட்டலம் கட்டுகிற நேரத்துக்குக்கூட நாயைக் காரில் விடாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி கூடிவிடும். கண்ணாடியை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

படி 6: சூடு தலைக்கேறிவிட்டால்

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நிற்காத இரைப்பு, பிசுபிசுத்த எச்சில், ஈறு அளவுக்கு மீறிச் சிவப்பது, வாந்தி, தள்ளாட்டம், இதில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப் போய், உடனே குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், ஃபேனையும் திருப்பிவிடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகலாம். தானாகக் குடித்தால் குடிக்கட்டும்.

இதைச் செய்யும்போதே இன்னொருவரை விட்டு கிளினிக்குக்குப் போன் போடச் சொல்லுங்கள். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை கிளினிக் எது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைப் போனில் பதிந்துவையுங்கள். ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர் இருந்தால், 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். அப்புறம் கார் ஏர்கோனை முழுதாகப் போட்டுக் கொண்டு போங்கள். எழுந்து வாலாட்டினாலும் சரி, கட்டாயம் கொண்டு போங்கள்; சிறுநீரகக் கோளாறும் ரத்தம் உறைவதில் வரும் கோளாறும் ஒரு நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும்.